தகுதியான ஆள்

அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள் அங்காளேஸ்வரி. பிளஸ் டூவில் அறுநூறுக்கு இருநூற்று எண்பது மார்க். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் கட்ட மறுநாள் கடைசி நாள். வேறு வழியில்லாமல், மில் முதலாளி ஞானசிகாமணி நடத்தும் கல்வி அறக்கட்டளைக்குப் போனாள்.

முதலாளி அவளுடைய மார்க் பட்டியலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தொண்ணூறு சதவீதம் எடுத்தவங்களுக்குத்தான்னு வாசல்லயே எழுதியிருக்கே, பார்க்கலையா? உன்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருக்காங்கம்மா."

"இருக்காங்கய்யா. அவங்கள்ல ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு சொல்லட்டும், நான் போயிடறேன்."

முதலாளி சிரித்துக்கொண்டே மேனேஜரைப் பார்த்தார். அந்த வருஷம் உதவிக்குத் தேர்வாகியிருந்த மூன்று பேருக்கும் மேனேஜர் போன் போட்டார். கல்லூரியே கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டது, உதவி வேண்டாம் என்று மூவரும் சொல்லிவிட்டார்கள்.

"போன வருஷம் யார் வாங்கினாங்க?" என்றார் முதலாளி.

மேனேஜர் தலை குனிந்தார். "யாரும் வாங்கலைங்கய்யா. அதுக்கு முந்தின வருஷமும் இல்லை."

முதலாளி அங்காளேஸ்வரி பக்கம் திரும்பினார். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஜெராக்ஸ் கடையில அவங்களுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறதே நான்தாங்கய்யா. நல்ல மார்க் எடுத்தவங்களுக்கு எல்லாருமே கூப்பிட்டு உதவி கொடுக்கிறாங்க."

முதலாளி அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இவ்வளவு விவரமா இருக்கிற பொண்ணு, மார்க் மட்டும் ஏன் எடுக்கலை?"

"பரீட்சையில இதைக் கேக்கலைங்கய்யா" என்றாள் அங்காளேஸ்வரி.