சடையாண்டி சலூன் மீனுக்கு வந்த நோக்காடு

கிட்ட வந்து உட்காருங்க. அந்தக் கடைசி ஆள் காலை மடக்கினால் இன்னும் ரெண்டு பேருக்கு இடம் கிடைக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சடையாண்டி சலூன். வேலைக்கு மூணு பேர்: ஒச்சப்பன், தவசி, மாயழகு. மூணு பேர்ல மாயழகுதான் கெட்டிக்காரன். அதை அவனே பல தடவை சொல்லியிருக்கிறான்.

கடை மேசையில் ஒரு ஜாடி. அதுக்குள்ளே நீலமும் சிவப்புமாய் ஒரு ஃபைட்டர் மீன். பேர் ஜமீன். எதிரே கண்ணாடியைப் பிடித்தால் போதும், உள்ளே தெரிகிறவன் எதிரி என்று செவுளை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு முட்ட வரும். அதைப் பார்க்கவே தாடி முளைக்காதவனெல்லாம் சவரத்துக்கு வருவான்.

மகள் பிரசவத்துக்குக் கிளம்பும்போது முதலாளி சடையாண்டி சொன்னார்: "தினமும் மறக்காம தீனி போடுங்கடா. நான் வரும்போது ஜமீன் உசுரோட இல்லேன்னா, மூணு பேரும் கத்திரியைக் கீழ வெச்சுட்டு வேற பொழைப்பு பாருங்க."

மூணு பேரிடமும் சொன்னதால் மூணு பேரும் போட்டார்கள். மற்ற ரெண்டு பேரும் மறந்திருந்தால் என்ன செய்வது என்று மாயழகு இன்னொரு தடவையும் போட்டான்.

ஒரு நாள் காலையில் ஜமீன் வயிறு உப்பி, ஜாடிக்கு அடியில் கிடந்தது. மாயழகு கண்ணாடியைக் காட்டினான். அசையவில்லை. வேற பொழைப்பு எதுவும் அவனுக்குத் தெரியாது. இந்தப் பொழைப்பே சந்தேகம்தான்.

"சண்டைக்கே வரலையேடா!"

"திருந்திருச்சோ?" என்றான் தவசி.

"வயித்தைப் பாருங்கடா. முழுகாம இருக்கோ என்னமோ," என்றான் ஒச்சப்பன்.

"ஜமீன் ஆம்பளைடா!"

"அதான் வெக்கப்பட்டுக் கீழ கெடக்கு."

மாயழகு, மீன் விற்கிற காதர் பாயிடம் ஓடினான். பாய் விலாவாரியாகச் சொன்னார்.

"தின்னு தின்னு வயிறு அடைச்சிருக்கு. வடியிற வரைக்கும் தீனி கூடாது. பாதித் தண்ணியை மாத்து. குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு இருக்கணும். கண்ணாடி பக்கமே காட்டாதே. தெளிஞ்ச பிறகு காட்டு. கன்னத்தைப் பொடைச்சுக்கிட்டு முட்ட வந்துச்சுன்னா குணமாயிருச்சுன்னு அர்த்தம். உடனே மறைச்சிரு, இல்லேன்னா களைச்சுப்போகும்."

மூணு பேரும் பக்கத்து இட்லிக் கடை பேச்சியக்காவிடம் போய் நின்றார்கள்.

"அக்கா, குழந்தையைக் கொஞ்சம் குடு. ஒரு முக்கு முக்கிட்டுத் தந்துர்றோம்."

கரண்டி பறந்து வந்து தவசி நெற்றியில் பட்டது. கடைசியில் அவளே தண்ணீரை விளாவிக் கொடுத்து விரட்டினாள்.

"தீனி கூடாதுன்னாரே, யாருக்குன்னு கேட்டியா?" என்றான் ஒச்சப்பன்.

"கேக்கலையே!"

"அப்ப நமக்கும் கெடையாது."

மூணு பேரும் பட்டினி கிடந்தார்கள்.

அடுத்தது கண்ணாடி. சலூனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதானே? அத்தனையிலும் செய்தித்தாளை ஒட்டினார்கள். வந்தவர்கள் தங்க விலையைப் பார்த்தபடியே சவரம் செய்துகொண்டார்கள்.

"மீசை சமமா இருக்கா தம்பி?"

"மீனுக்கு உடம்பு சரியில்லைங்க. இப்ப அதெல்லாம் பாக்கக் கூடாது."

வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி சிரித்த பிறகுதான் அவரவர் மீசை நிலவரம் அவரவருக்குத் தெரிந்தது.

ஆனாலும் ஜமீனுக்கு வயிறு வடிந்தது. மேலே வந்து சுற்றியது. மாயழகு கைக்கண்ணாடியைக் காட்டினான். சிலிர்த்துக்கொண்டு முட்ட வந்தது! உடனே மறைத்துவிட்டு, மூணு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அன்றைக்கே சடையாண்டியும் வந்து சேர்ந்தார். பிரசவ வீட்டு விருந்தில் வயிறு பானை மாதிரி இருந்தது. ஜமீன் துள்ளுவதைப் பார்த்து உருகிப்போனதில், கண்ணாடியெல்லாம் செய்தித்தாளாய் இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"பொழைச்சீங்கடா! மாயழகு, வா, தாடியை மட்டும் எடு."

நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். மாயழகு பட்டினி மயக்கத்திலேயே கத்தியை இழுத்தான். தாடியோடு பாதி மீசையும் போய்விட்டது.

"அண்ணே, முடிஞ்சுதுண்ணே."

மூணு பேரும் குனிந்து பார்த்தார்கள். வயிறு உப்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. அசைவில்லை.

"அதே நோக்காடுதான்டா!" என்றான் தவசி.

"தொட்டியில போட்டு, பாதித் தண்ணியை மாத்துவோமா?" என்றான் ஒச்சப்பன்.

"தள்ளுங்கடா," என்று மாயழகு எதிரே இருந்த செய்தித்தாளைக் கிழித்தான். சடையாண்டியின் தலையை நிமிர்த்தி, கண்ணாடிப் பக்கம் திருப்பினான். "அண்ணே, அங்க பாருங்க."

சடையாண்டி கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் பாதி மீசைக்காரன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்தது. கன்னம் ரெண்டும் பொடைத்தன. "டேய்!" என்று உறுமி, துண்டை வீசிவிட்டு முட்ட எழுந்தார்.

"குணமாயிருச்சு!" என்று கத்தினான் மாயழகு. பிறகு, அண்ணன் களைத்துப்போகக் கூடாதே என்று, பசையைத் தடவி அந்தச் செய்தித்தாளை மறுபடியும் ஒட்டினான்.