செவலை பேசாமல் சொன்ன சாட்சி

மாடுகளும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவை தின்பதும் மனிதர்களைப் போலத்தான். மென்று விழுங்கினால் அதோடு சரி.

செவலை என்ற பசு ஓச்சப்பனுடையது. பக்கத்துத் துண்டு நிலம் சடைச்சியுடையது. சடைச்சி தினமும் கழுநீர் வைப்பாள். அதனால் செவலைக்கு அவள்மேல் பிரியம்.

ஒருநாள் பொழுது புலரும்போதே ஓச்சப்பன் செவலையை ஒரு வரப்பைத் தாண்டி ஓட்டிப்போனான். பனிமூட்டத்தில் இடம் தெரியவில்லை.

"இது யார் நிலம்?" என்று கேட்டது செவலை.

"நம்முடையதுதான். சீக்கிரம் தின்னு."

அது அரைகுறையாக மென்று வயிறு முட்டத் தின்றது. நிலத்தில் அது மேய்ந்த பாதியை ஓச்சப்பன் உடனே உழுதும் போட்டான்.

வெயில் ஏறியதும் சடைச்சி பார்த்துப் பதறினாள். பயிர்க் காவல்காரரை அழைத்துவந்தாள்.

"நிலம் இரண்டு வீட்டுக்கும் பொது, காவல்காரரே," என்றான் ஓச்சப்பன். "என் பாதியில் நான் விதைத்தேன், என் மாடு தின்றது. இவளுக்கு ஏன் எரிகிறது?"

"மாமனார் காலத்திலிருந்து நாங்கள்தான் உழுகிறோம், அண்ணே. இதில் பாதி போனால் என் பிள்ளைகளுக்குக் கூழ் ஏது?"

தான் மேய்ந்தது சடைச்சியின் நிலம் என்று செவலைக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறக்கப் போனது. ஓச்சப்பன் அதன் காதருகே குனிந்தான். "ஒரு வார்த்தை பேசினாயோ, உன் கன்றைச் சந்தைக்கு ஓட்டிவிடுவேன்."

காவல்காரர் அவனிடம் கேட்டார்: "என்ன விதைத்தாய்?"

"மிச்சப் பாதியில் நிற்கிறதே, அதே கேழ்வரகுதான்."

"நீ, சடைச்சி?"

"கேழ்வரகுக்கு நடுவே மொச்சை ஊன்றினேன், அண்ணே. விதை இந்தப் பாதிக்கு மட்டும்தான் எட்டியது. இப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது."

ஓச்சப்பன் சிரித்தான். "மொச்சையா! உழுத மண்ணில் தேடிக் காட்டு, பார்ப்போம்!"

செவலை தன் கன்றைப் பார்த்தது. சடைச்சியைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஓர் எக்கு எக்கியது. விழுங்கியது வாய்க்கு ஏறிவந்தது. அதில் ஒரு கவளத்தைக் காவல்காரர் காலடியில் போட்டது.

அவர் குச்சியால் கிளறினார். கேழ்வரகுத் தாளுக்குள் மொச்சைத் தளிர்கள் சுருண்டு கிடந்தன.

"நிலம் சடைச்சியுடையது," என்றார். "அழித்ததை நீயே விதைத்துக் கொடு. விளைந்து வீடு சேரும்வரை உன் மாடும் கன்றும் அவள் கொட்டிலில் நிற்கட்டும்."

"துரோகி!" என்று பல்லைக் கடித்தான் ஓச்சப்பன்.

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே," என்றது செவலை.

அன்று முதல்தான் எந்த மாடும் விழுங்கியதோடு விட்டுவிடுவதில்லை. நிழலில் படுத்ததும் தின்றதை மேலே வரவழைத்து, மெல்ல மென்று, யார் வீட்டுப் பயிர் என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் விழுங்குகிறது.