சும்மா இருக்கும்போது

“ரெண்டுல எது ஒசத்தின்னு கேக்கவே வேண்டாம் டீச்சர். இந்தத் தாளே சொல்லும்.”

குணாளன் பதினான்கு பக்கங்களை மேசையில் வைத்தார். அதன்மேல் இரண்டு பிராசஸர்கள். ஒன்று பெரியது. மற்றது சுண்டுவிரல் நகத்தளவு.

சிப் கம்பெனியில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். பிலோமிக்கு அவர் வயதில் பாதிதான். மலைமேல் இருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது பார்ப்பவள். அவள் கை வைத்த மெஷின் மறுபடி படுத்ததில்லை என்று கேள்விப்பட்டு, கற்றுக்கொள்ளவே மலையேறி வந்திருந்தார். அங்கே எல்லோருக்கும் அவள் டீச்சர். அவருக்கும்.

செய்யவேண்டியது ஒரு பெட்டி. அதற்கு மூளையாக இந்த இரண்டில் ஒன்று.

குறைமாதக் குழந்தைகள் சில நேரம் மூச்சு விட மறந்துபோகும். மறந்தால் பெட்டி கத்தவேண்டும். வார்டில் அதற்கென்று இருந்த ஒரே மெஷின், கரண்ட் போனால் கூடவே கண்ணை மூடிவிடும். மழைக்காலத்தில் போன கரண்ட் வர ஆறு மணி நேரம்கூட ஆகும். அதுவரை பெட்டி பேட்டரியில் விழித்திருக்கவேண்டும்.

குணாளன் எல்லாவற்றையும் அளந்திருந்தார். சின்னது ஒன்பது நொடி முக்கி முனகிப் போடும் கணக்கைப் பெரியது ஒரே நொடியில் முடித்தது. சட்டென்று முடிப்பதால் அந்தக் கணக்குக்குச் செலவான கரண்டும் குறைவு. வேகத்திலும் ஜெயம், சிக்கனத்திலும் ஜெயம். பிள்ளையின் மார்க் ஷீட்டை நீட்டிய அப்பா மாதிரி நின்றார்.

பிலோமி பதினான்கு பக்கங்களையும் படித்தாள். ஒரு தப்பும் இல்லை என்றாள்.

பிறகு கேட்டாள்.

“சும்மா இருக்கும்போது?”

“சும்மா இருக்கறத யாராவது அளப்பாங்களா டீச்சர்?” குணாளன் சிரித்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். வார்டில் மூன்றாம் தொட்டிலுக்குப் பக்கத்தில் செவ்வந்தி என்று ஒரு பெண் இருப்பாள். மத்தியானம் வரை அவள் பார்க்கிற வேலையெல்லாம் நேரம் போட்டு எழுதிவாருங்கள் என்றாள்.

குணாளனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் கழித்து, வேடிக்கை பார்க்கிற உத்தியோகம்.

போனார்.

செவ்வந்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தொட்டிலில் ஒன்றரைக் கிலோகூட இல்லாத அவள் பெண்குழந்தை. என்ன வேலை பார்க்கிறாய் அம்மா என்று விசாரித்தார்.

“முன்னாடி எஸ்டேட்ல கொழுந்து எடுத்தேன் சார். இப்ப சும்மாதான் இருக்கேன்.”

ஒன்பது மணி: சும்மா. ஒன்பதரை: சும்மா. பத்து: தண்ணீர் குடித்தாள். பத்தரை: சும்மா. பேனாவுக்கே கொட்டாவி வந்தது.

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது. மெஷின் அணைந்தது. குணாளன் தலை தூக்கி விளக்கைப் பார்த்தார்.

திரும்பிப் பார்ப்பதற்குள் செவ்வந்தியின் விரல் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிவிட்டிருந்தது. குழந்தை ஒரு தரம் விக்கி, மூச்சு வாங்கியது. செவ்வந்தி பழையபடி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா ஆச்சு?”

“மூச்ச மறந்துட்டா.”

அவரும் அதே தூரத்தில்தான் இருந்தார். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

“நேத்துலேருந்து பதினோரு தடவ சார்,” என்றாள். குரலில் ராணி மாதிரி ஒரு கம்பீரம். “ஒண்ணக்கூட நான் விடல.”

 பிறகு அவளுக்குள் இருந்த ராணி போய்விட்டாள், தூக்கம் கெட்ட தாய் ஒருத்தி கேட்டாள்.

“நீங்க செய்யற பொட்டி வந்தா, ஒரு மணி நேரம் தூங்கலாமா சார்?”

மத்தியானம் பிலோமி தாளை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை சும்மா, சும்மா, சும்மா. பதினொன்று நாற்பதுக்கு நேராக ஒன்றும் இல்லை. பேனா அழுந்திய புள்ளி மட்டும்.

“என்ன வேல பாத்தா?”

குணாளன் மேசைக்குப் போனார். பிராசஸர்கள் இரண்டையும் ஒரே அளவுள்ள இரண்டு பேட்டரிகளில் மாட்டினார். கணக்கு எதுவும் கொடுக்கவில்லை. முன்னால் உட்கார்ந்தார்.

பெரியது சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தது. வேலையே இல்லாமல் சூடேறியது. சின்னது உறங்கியது. தட்டினால் அந்தக் கணமே விழித்தது. மறுபடி உறங்கியது.

இரண்டரை மணிக்குப் பெரியதன் பேட்டரி தீர்ந்தது.

பிலோமி டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியதைத் தொட்டுப் பார்த்து, இதன்மேல் வைத்திருந்தால் டீ ஆறாமல் இருந்திருக்கும் என்றாள்.  சாயங்காலம் குணாளன் சின்னதன் பேட்டரியைப் பார்த்தார். கால்வாசிகூட இறங்கவில்லை.

பதினான்கு பக்கங்களின் கடைசியில், ‘சும்மா இருக்கும்போது’ என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரியை எழுத அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

மறுநாள் காலை, சின்னதை உள்ளே வைத்து மூடிய பெட்டியைச் சோதித்து முடித்து, அவரே வார்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் கொண்டுபோகிறேன் என்று பிலோமி கை நீட்டினாள். வேண்டாம் என்றுவிட்டார்.

செவ்வந்தியின் கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லை.

“இது என்ன சார் செய்யும்?”

குணாளன் நிமிர்ந்து நின்றார். பதினான்கு பக்கத்தை நீட்டியபோதுகூட அப்படி நின்றதில்லை.

“சும்மா இருக்கும்மா.”

செவ்வந்தி அவரைப் பார்த்தாள். சிரித்தாள்.

பிறகு, தொட்டில் கட்டையில் தலையைச் சாய்த்து, தூங்கிப்போனாள்.