குயிலுக்காக அழுத எருமைக்கடா

"ஹூ... ஹூ..." என்று நாணல் புதருக்குள்ளிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. குளத்தில் தண்ணீர் குடிக்க வந்த முயல்கள் காதை விடைத்தன. யாருக்கு என்ன கேடு வந்ததோ!

நாணலை விலக்கிப் பார்த்தால், அழுதது எருமைக்கடா ராஜா! கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகச் சேற்றில் படுத்திருந்தது. எதிரே தாமரை இலைமேல் உட்கார்ந்து தவளை கதை சொல்லிக்கொண்டிருந்தது.

"புலியின் குகையில் அடைபட்டிருந்த குயில், அன்றைக்குத் தப்பிப் பறந்தே போயிற்று!" என்று தவளை முடித்தது.

"ஐயோ, பாவம்! எத்தனை நாள் இருட்டில் கிடந்ததோ!" என்று ராஜா தேம்பியது.

ராஜாவின் முதுகில் நின்ற உண்ணிக்கொக்குக்குத் தலை சுற்றியது. ராஜாவின் மேலிருக்கும் உண்ணிகளைப் பொறுக்குவதுதான் அதன் வேலை. அது எங்கேயும் போய்விடக் கூடாதென்று, இறகு வளர வளர நண்டைவிட்டுக் கத்தரிக்கச் சொல்வதும் இதே ராஜாதான்! இப்போது இறகு மறுபடி வளர்ந்திருந்தது. குளம் வற்றுவதால் கொக்குக் கூட்டம் சாயங்காலம் வேறு ஏரிக்குக் கிளம்பவிருந்தது. நண்டோ கரையேறி வந்துகொண்டிருந்தது.

'இவ்வளவு இளகின மனசா! இப்போது கேட்காமல் எப்போது கேட்பது?'

"ராஜாவே, நானும் அந்தக் குயில் மாதிரிதான். இந்த ஒரு தடவை என் இறகை விட்டுடுங்களேன்!"

ராஜா திரும்பிப் பார்த்தது. "நீயா குயில்? நல்லா இருக்கே நியாயம்! குயில் நானல்லவா? இந்த ராஜ்யம்தான் எனக்குக் குகை. நினைச்ச இடத்துக்கு ஒரு நாள் போக முடியுதா?"

"அப்போ புலி யாருங்க?"

"விடிஞ்சதிலிருந்து என் முதுகைவிட்டு இறங்காமல் கொத்திக்கிட்டே இருக்கிறது யாரு?"

கொக்கு குழம்பிப்போனது. குனிந்து தன் குச்சிக் கால்களைப் பார்த்தது. ஒருவேளை நான்தான் புலியோ?

"தவளையாரே, நீங்களே சொல்லுங்க! யாரை நினைச்சு இந்தக் கதையைச் சொன்னீங்க?"

தவளை குரலைத் தாழ்த்தியது. "உன்னைத்தான். சத்தியமா உன்னைத்தான்."

"பின்னே புலின்னு ஏன் சொன்னீங்க? எருமைன்னே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா மிதிச்சிடுவாரே, தாயீ!"

தொபுக்! தவளை தண்ணீருக்குள் மறைந்தது.

நண்டு ராஜாவின் முதுகில் ஏறியது. அதன் கண்களும் கலங்கியிருந்தன. "நானும் கேட்டுக்கிட்டேதான் வந்தேன். என்ன கதை! நெஞ்சையே அறுத்துடுச்சு. கொஞ்சம் சிறகை விரி, கண்ணு."

நறுக்... நறுக்... வெள்ளை இறகுகள் சேற்றில் விழுந்தன.

சாயங்காலம் கொக்குக் கூட்டம் குளத்தின்மேல் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுக் கிழக்கே போயிற்று.

"காதுக்குப் பின்னாலே அரிக்குது" என்றது ராஜா.

கொக்கு குனிந்து, அங்கே ஊர்ந்த உண்ணியைக் கொத்தி எடுத்தது.

பெயரை மறைத்துச் சொன்ன கதையில், கொடியவனும் தன்னைக் குயிலாகத்தான் காண்பான்.