நீந்தத் தெரியாத குட்டிகள்

காட்டு மடுவில் ஒரு முதலை ராஜாவாக இருந்தது. அக்கரைப் புல்லைத் தேடி மடுவைக் கடந்த மான்கூட்டத்தில் பாதியை அது ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. செம்பி என்ற பெண்மானின் குட்டியும் அதில் போயிற்று. குட்டியின் காலைக் கவ்விய பற்களைச் செம்பி தன் கண்ணாலேயே பார்த்தது.

மறுநாள் ராஜாவின் மந்திரியான கொக்கு துக்கம் விசாரிக்க வந்தது. பாவம், நீந்தத் தெரியாமல் எல்லாரும் மூழ்கிவிட்டார்கள் என்றது.

"மூழ்கவில்லை, ராஜாதான் கடித்து இழுத்தார். நான் பார்த்தேன்" என்றது முள்ளம்பன்றி.

அன்று மாலையே முள்ளம்பன்றியைக் காணவில்லை. வேறு காட்டுக்குக் குடிபோய்விட்டதாகக் கொக்கு சொன்னது. அதன்பிறகு வாய் திறக்க யாருக்கும் தைரியம் இல்லை. செம்பிக்கும்தான்.

வருடந்தோறும் மடுக்கரையில் துக்கக் கூட்டம் நடந்தது. ராஜாவே தலைமை தாங்கிக் கண்ணீர் வடித்துப் பேசுவார். பிறகு தாய்மான்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து, தன் பிள்ளை நீந்தத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் சொன்னபோது செம்பிக்கு நாக்குக் கூசியது. அடுத்த வருடம் அவ்வளவாகக் கூசவில்லை. போகப் போக, சொல்லும்போதே அழுகை வந்தது. பற்கள் மங்கிப்போய், வெறும் தண்ணீர்தான் அதன் நினைவில் நின்றது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

செம்பிக்கு இன்னொரு குட்டி பிறந்தது. இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று செம்பி துடித்தது. குட்டி துள்ளி ஓடத் தொடங்கியதும் நேரே மடுவுக்குக் கூட்டிப் போயிற்று.

"இங்க எதுக்கும்மா வந்தோம்?"

"நீந்தக் கத்துக்கணும் கண்ணு. உங்க அண்ணனுக்கு நீந்தத் தெரியல, அதான் போயிட்டான்."

"தண்ணிக்குள்ள யாரோ இருக்காங்கம்மா."

"நம்ம ராஜாதான். உங்க அண்ணனுக்காக வருஷா வருஷம் அழுறவரு. பயப்படாம இறங்கு."

குட்டி இறங்கியது. நன்றாகவே நீந்தியது. நடு மடுவில் முதலை வாயைத் திறந்தபோதுதான் செம்பிக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

"பல்லு! அன்னைக்கும் இதே பல்லுதான்!" என்று அது கரையெல்லாம் கேட்கக் கதறியது.

மற்றத் தாய்மான்கள் ஓடிவந்து அதை அணைத்துக்கொண்டன. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஏதோ பிதற்றுகிறாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டன. இன்னும் கொஞ்சம் நல்லா நீந்தக் கத்துக்கொடுத்திருக்கலாமே என்று ஒன்று அன்போடு சொன்னது.

ஆள்பவர் சொல்கிறபடி நடந்ததை மாற்றிச் சொல்லப் பழகியவர்கள், தங்கள் பிள்ளைகளைத் தாங்களே சாவுக்குக் கூட்டிப் போவார்கள்.