ரோஷக்காரனுக்கு ஒரு காசி யாத்திரை

ராஜா காலத்தில் கூடைப்பந்து ஏது என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கூடை இருந்தது, பந்து இருந்தது, வேலையில்லாத ராஜாவும் இருந்தார். போதாதா?

பூவலூர் ராஜா மகுடவர்மருக்கு யுத்தம் என்றால் வயிற்றைக் கலக்கும். அதனால் மேட்டுக்கோட்டையோடு இருந்த பகையைக் கூடைப்பந்தில் தீர்த்துக்கொண்டார். பூவலூரை வருஷா வருஷம் ஜெயிக்க வைத்தவன் நெட்டை இருளப்பன். நின்ற இடத்தில் கையை நீட்டினால் கூடை எட்டும்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காரணம்? வெற்றி விழாவில் அவனுக்குச் செவ்வந்தி மாலை. ஆட்டம் முடியும்வரை ஓரமாக உட்கார்ந்து முறுக்கு தின்ற ராஜாவின் மைத்துனருக்கு ரோஜா மாலை.

“இந்த ஊரில் இனி பந்தைத் தொடமாட்டேன். என்னை மேட்டுக்கோட்டைக்கு அனுப்பிவிடுங்கள்” என்றான் இருளப்பன். ராஜா அவன் வீட்டுக்கே போய்க் கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச அவனுக்கு முறுக்கு ஏறியதுதான் மிச்சம்.

மேட்டுக்கோட்டைத் தூதர் சடகோபர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். “இருளப்பனைக் கொடுங்கள். பதிலுக்கு இரண்டு ஆட்டக்காரர்களும் ஒரு யானையும் தருகிறோம்.”

அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. நாவிதர் பாதித் தலையோடு ஆளை உட்கார வைத்துவிட்டு வாதத்துக்குப் போனார். ஆண்கள் கூடிப் பேசினால் அது ராஜ்ய விஷயம். பெண்கள் நாம் பேசினால்தானே வம்பு!

“போறேன்கிறவனை எதுக்குய்யா கட்டிப்போடணும்? யானை வருதுல்ல!”

“யானை வந்து பந்து போடுமா?”

“ஏன், தும்பிக்கை இல்லையா?”

“அவங்க தர்ற அந்த ரெண்டு குள்ளனும் கூடைக்குக் கீழே நின்னா, அவனுங்களுக்கு நிழல்தான் கிடைக்கும். இருளப்பனை விட்டா நாம தொலைஞ்சோம்!”

இந்தச் சந்தடியில் அமைச்சர் தாண்டவராயர் தன் கணக்கைத் தீர்க்கப் பார்த்தார். சபையில் கனகசபை என்று ஒரு விகடர் இருந்தார். அவருடைய ஹாஸ்யங்களில் பாதி, அமைச்சரின் தொந்தியைப் பற்றியவை.

“அரசே, மேட்டுக்கோட்டை ராஜாவுக்கு விகடர் இல்லையாம். கனகசபையையும் சேர்த்துத் தள்ளிவிட்டால் இன்னொரு யானை கேட்கலாம்” என்றார் அமைச்சர்.

இன்னொரு யானை என்றதும் ராஜாவின் கண் விரிந்தது. கனகசபை இரண்டடி பின்வாங்கினார். மேட்டுக்கோட்டை ராஜா தான் எழுதிய பாட்டைத் தானே பாடுகிறவர். கொட்டாவி விட்டவனுக்குச் சிறை.

“கனகசபை, ஊர்ச்சண்டை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கட்சியும் வாயை மூட வேண்டும். ஒருவன் முணுமுணுத்தாலும் நீயும் இருளப்பனோடு கிளம்பு” என்றார் ராஜா.

கனகசபை யோசித்தார். “ஆகட்டும் அரசே. இருளப்பனை அனுப்பிவிடுவோம். ஆனால் மரியாதையாக, காசி யாத்திரை வைத்து அனுப்புவோம்.”

கல்யாணங்களில் பார்த்திருப்பீர்களே. மாப்பிள்ளை திடீர் சந்நியாசியாகி, குடையும் தடியுமாகக் காசிக்குக் கிளம்புவார். பெண்ணைப் பெற்றவர் ஓடிப்போய்க் கெஞ்சித் திருப்பிக் கூட்டி வருவார். தெருமுனைக்குள் பிடித்துவிடுவார்கள் என்ற தைரியத்தில்தான் அந்த வைராக்கியமே!

வெள்ளிக்கிழமை காலை இருளப்பனுக்குக் கண்ணில் மை, கையில் குடை, தடி, காலில் புதுச் செருப்பு. முன்னால் நாகஸ்வரம். தெரு முழுக்க ஜனம். இருளப்பன் நாலடி வைத்துத் திரும்பிப் பார்த்தான். கெஞ்ச ஒருவரும் வரவில்லை. ராஜா வாயைத் திறந்தார். கனகசபை அதில் ஒரு லட்டைத் திணித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். ‘விடக்கூடாது’ என்று தொண்டை கிழியக் கத்திய கட்சிதான் எல்லாரையும்விட பலமாகக் கை தட்டியது.

“டேய் மாடசாமி, நீயுமா?” என்றான் இருளப்பன், அந்தக் கட்சியில் முன்னால் நின்றவனைப் பார்த்து.

“நல்லா இருண்ணே!” என்றான் மாடசாமி, பல்லெல்லாம் தெரிய.

எல்லையில் யானையோடு காத்திருந்த சடகோபருக்கு முகம் சுருங்கியது. “என்ன கனகசபை, ஒருத்தர்கூட அழவில்லையே?”

“அழுவானேன்? மனசாரக் கொடுக்கிறோம்.”

“முழங்காலில் ஏதாவது…?”

“சேச்சே! முழங்காலில் ஒன்றுமே இல்லை.”

“அப்படியென்றால் முதுகில்?”

“முதுகா?” கனகசபை அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு யார் சொன்னது?”

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். விற்கிறவன் சிரித்தால் வாங்குகிறவன் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பான். “இன்றைக்கு நாள் நன்றாக இல்லை” என்று சொல்லிவிட்டுச் சடகோபர் யானையைத் திருப்பினார். அப்புறம் அந்தத் திசையிலிருந்து தூசிகூட வரவில்லை.

நடு ரோட்டில் குடையோடு நின்ற இருளப்பனிடம் கனகசபை போனார். “வெயில் ஏறுது தம்பி. சாயங்காலம் பயிற்சி இருக்கு, வா.”

“மாலை?”

“உனக்கு அதே செவ்வந்திதான். ஆனா மைத்துனருக்கு இனிமே ஒண்ணும் கிடையாது.”

“அது போதும்!” என்று இருளப்பன் விடுவிடுவென்று ஊரைப் பார்த்து நடந்தான்.

ஊரில் சத்தமே இல்லை. ராஜாவுக்கு ஆச்சரியம். “இரண்டு கட்சியும் எப்படி அடங்கியது?”

“அனுப்பச் சொன்னவர்களுக்கு அனுப்பியாயிற்று, அரசே. இருக்கச் சொன்னவர்களுக்கு இருக்கிறான். இனி எதற்குக் கத்துவார்கள்?”

“இருக்கச் சொன்னவர்கள் அழாமல் எப்படிச் சிரித்தார்கள்?”

“இருளப்பன் ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பல்லைக் காட்டுங்கள் என்று காதில் ஓதி வைத்தேன். நாம் அழுதிருந்தால் சடகோபர் இரண்டு யானை கொடுத்தாவது கொண்டுபோயிருப்பார்.”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தாண்டவராயருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “என்ன பரிசு வேண்டும், கேள்!” என்றார் ராஜா.

“பெரிதாக ஒன்றும் வேண்டாம், அரசே. இனி எந்த ராஜாவாவது என்னைக் கேட்டு ஆள் அனுப்பினால், இப்போது சிரிக்கிறீர்களே, இதே மாதிரி சிரித்துக்கொண்டு, ‘தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று சொல்லிவிடுங்கள்!”