பொறிவண்டு ஒட்டின சுவரு

ஒரு ஊர்ல ஒரு வீடு. வீட்டுக்கு நடுவுல ஒரு சுவரு. சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் சடையாண்டி, அந்தப் பக்கம் தம்பி குருசாமி. ம் கொட்டு தாயி, அப்பதான் கதை நகரும்.

"ம்."

மலை ஊரு அது. மார்கழியில குடத்துத் தண்ணியில கையை வச்சா வெடுக்குன்னு இழுத்துக்கணும். அவங்க அப்பா செத்து வீட்டைப் பங்கு பிரிச்சப்போ, அடுப்படி தம்பி பங்குக்குப் போயிடுச்சு. அம்மா உக்காந்து களி கிண்டின அடுப்படி. 'என்னை ஏமாத்திட்டான்'னு அன்னைக்கு வாயை மூடினவன்தான் சடையாண்டி. ஒன்பது வருஷம் தம்பிகூடப் பேச்சே இல்லை. பொண்டாட்டி பிள்ளை கிடையாது, ஒண்டிக்கட்டை. கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கிட்டு, 'என் பங்கு வீட்டுல குளிரே ஏறாது, தெரியுமா?'ன்னு ஊரெல்லாம் பீத்திக்குவான்.

அப்புறம் ஒரு மார்கழியில, ஜன்னல் இடுக்கு வழியா பொறிவண்டு வந்துச்சு. செவப்பா, முதுகுல கறுப்புப் பொட்டு வச்சுக்கிட்டு அவரைச் செடியில உக்காந்திருக்குமே, அது. ஒண்ணு, பத்து, நூறு. குறுகுறுன்னு ஏறி, கட்டிலுக்கு மேல சுவருல ஒரே எடத்துல அப்பிக்கிச்சு. கம்பளியில வண்டு, கஞ்சியில வண்டு.

"எதுக்கு வந்துச்சு?"

அதுங்களுக்கும் குளிருமில்ல? ஆனா சடையாண்டி என்ன சொன்னான்? 'தம்பிப்பய தான் அங்கேருந்து வெரட்டி விடுறான்!'

மொதல்ல வெளக்கமாத்தை எடுத்தான். சரக், சரக். வண்டெல்லாம் மஞ்சளா ஒரு தண்ணியை விட்டுச்சு. உவ்வே, அப்படி ஒரு நாத்தம். சுவரெல்லாம் கறை. மறுநாள் பாத்தா அதே எடத்துல வண்டு.

ரெண்டாவது, ஜன்னலைச் சாக்கு வச்சு அடைச்சான். வெளிய இருந்தது வெளியவே நின்னுச்சு, சரி. உள்ள இருந்தது உள்ளயே குடியிருந்துச்சு.

"ம்."

மூணாவது... மூணாவது வேண்டாம், தூங்குறியா?

"சொல்லு!"

சட்டியில தணலை வாரி, கை நிறைய வரமிளகாயை அள்ளிப் போட்டான். கதவைச் சாத்திட்டு வெளிய நின்னுக்கிட்டான். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவுல கையகலச் சந்து. நெடி சும்மா இருக்குமா? புசுபுசுன்னு சந்து வழியா அந்தப் பக்கம் போயிடுச்சு. தம்பி லொக்கு லொக்குன்னான். தம்பி பொண்டாட்டி தெய்வானை லொக்கு லொக்குன்னா. அப்போ சின்னதா இன்னொரு இருமல். தம்பியோட பேத்தி, மூணு மாசப் பாப்பா. வீல்னு ஒரே அழுகை.

சடையாண்டி என்ன பண்ணினான் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுது. 'நல்லா இருமட்டும்'னு நின்னான்.

"அய்யே!"

அய்யேதான் தாயி.

நெடி அடங்கினதும் உள்ள போனான். பாதி வண்டு பொத்து பொத்துன்னு விழுந்து கெடந்துச்சு. மிச்சம் அதே எடத்துல. வழிச்சுப் போடலாம்னு உள்ளங்கையை வச்சான். சூடு! அந்தாண்ட வச்சான், ஐஸு. இந்தாண்ட வச்சான், ஐஸு. வண்டு இருந்த எடம் மட்டும், மாட்டு வயித்துல கை வச்ச மாதிரி கதகதன்னு இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

"அடுப்பு!"

ஆமா. அப்போ சந்து வழியா பேச்சு கேட்டுச்சு.

தெய்வானை கேக்குறா: "பாப்பாவை முன்னறைக்குக் கொண்டு போயிட்டேன். அடுப்பை அணைச்சிடட்டுமா?"

தம்பி சொல்றான்: "அணைக்காத. இன்னும் ரெண்டு விறகு தள்ளி வை. அண்ணன் கட்டிலு அந்தச் சுவரை ஒட்டித்தான கெடக்கு."

"மிளகாய் போட்டதே அவருதான்யா!"

"எனக்கும்தான் மூக்கு இருக்கு. தள்ளி வை."

ஒன்பது மார்கழி. தன் வீட்டுச் சூடுன்னு பீத்தினதெல்லாம் தம்பி வீட்டு விறகு. வண்டுக்குத் தெரிஞ்சது இவனுக்குத் தெரியலை. மிளகாய் அள்ளின கையாலயே கண்ணைத் தொடச்சுட்டான். எரிச்சலைக் கேக்கணுமா?

விடிஞ்சதும் ஒரு கட்டு விறகைத் தலையில வச்சுக்கிட்டு தம்பி வாசல்ல போயி நின்னான்.

தம்பி பாத்தான். "என்னண்ணே, இன்னைக்கு மிளகாய் இல்லையா?"

சடையாண்டி வழியெல்லாம் என்னென்னமோ சொல்லிப் பாத்துக்கிட்டுதான் வந்தான். வாயைத் தொறந்தா, "விறகு"ன்னு மட்டும்தான் வந்துச்சு.

"உள்ள வாங்க மச்சான்"னா தெய்வானை. "கையைக் கழுவிட்டுப் பாப்பாவைத் தூக்குங்க."

கையைக் கழுவினான். மறுபடியும் கழுவினான். மூணாவது தடவையும் கழுவினான். அப்பவும் அவனுக்கு அந்தக் கையை நம்ப முடியலை.

"வண்டு?"

மிச்ச வண்டை அவன் தொடவே இல்லை. மாசி வெயில் வந்ததும் விர்ர்ருனு அவரைத் தோட்டத்துக்குப் போயிடுச்சு. வருஷா வருஷம் வரும், போகும்.

"அந்த ஆளு தப்புன்னு சொன்னாரா?"

எங்க சொன்னான். தம்பி மூஞ்சியைப் பாத்தா வாய் ஒட்டிக்குது.

"பாப்பா?"

அதுவா? அஞ்சு வயசாச்சு. அடுப்போரமா காலை நீட்டிப் படுத்துக்கிட்டு ம் கொட்டுது. அதுகிட்ட மட்டும் சொல்லிட்டான். இப்பத்தான்.

"...ம்."

கதை அவிஞ்சுது, தணல் இருக்கு. தூங்கு தாயி.